யாருடைய பொருள்?

பாரிஸ் மாநகரின் லூவர் மாளிகை, ஏறத்தாழ 1190-இல் கோட்டையாகத் தோன்றிப் பின்னர் மன்னர்களின் அரண்மனையாக வளர்ந்தது. 1793 ஆகஸ்ட் 10-ஆம் நாள் அதன் ஒரு பகுதி கலைக்கூடமாக மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மன்னரின் உடைமை மக்களின் உடைமையாயிற்று என்கிறோம். ஆனால், உடைமை என்பதுதான் யாது?

அம்மாளிகையின் அரும்பொருள்களுள் ஒன்று, வெள்ளியும் பொன்னும் இழைத்த பித்தளைத் தொட்டி. மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில், பதினான்காம் நூற்றாண்டில் உருவானது. பிரெஞ்சு அரச குடும்பத்தின் கையை அடைந்து, 1606-இல் பதின்மூன்றாம் லூயியின் ஞானஸ்நானத்திற்குப் பயன்பட்டது. ‘புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி’ என்பது அதற்கு வழங்கும் பெயர். அந்தப் புனித லூயி மன்னரோ, தொட்டி உருவாகுமுன்பே, 1270-இல் மறைந்தவர்!

செய்வித்தவர் பெயர் தொட்டியில் இல்லை. செய்தவர் பெயரோ ஆறு இடங்களில் உள்ளது: முஹம்மது இப்னு அஸ்ஸைன். அதில் செதுக்கப்பட்ட அரியணைகளிலும் அப்பெயரே காணப்படுகிறது. அரியணையில் அமர்ந்திருப்பவர் யாரென நாம் அறியோம். அமர்த்திவைத்த கைவினைஞரை அறிவோம்.

புரவலர் பொருள் ஈயாவிடில் தொட்டி ஏது என்பர் சிலர். உண்மையே. எனினும் பொருள் ஈந்தவருக்கு உரியது நன்றி, ஆக்கியவரின் புகழன்று. வைத்திருப்போர் மாறிக்கொண்டேயிருப்பர், செய்தவர் மாறுவதில்லை. ஆதலின் மக்களின் உடைமை என்பதும் ஓர் அமானிதமே. அதனைக் காப்போரின் முதற்கடன், உரியவர் பெயரை மறையவிடாதிருத்தல். காணச் செல்லும் நாமும், எந்த மன்னருடையது என்று வினவுமுன், எந்தக் கை செய்தது என்று வினவுவோமாக.