புகையின் விலையைக் கொடுப்பவர் யார்?

ஒரு கேட்டைக் கண்டிப்பது எளிது. அக்கேட்டை நீக்கும் செலவு யாரைச் சார்ந்தது என வரையறுப்பதே அரிது. ஐரோப்பிய ஒன்றியத்தார் தங்கள் எல்லையில் விதித்துள்ள கரிவரி இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

அவ்வரியின் தன்மை யாது? இரும்பு, உருக்கு, அலுமினியம் முதலிய சரக்குகளை ஐரோப்பாவுக்குள் கொண்டுவருவோர், அவற்றைச் செய்யுங்கால் வெளிப்பட்ட கரியமில வாயுவின் அளவுக்குப் பணம் கட்டுதல் வேண்டும். 2023 அக்டோபர் முதல் கணக்கு மட்டுமே கேட்கப்பட்டது. 2026 ஜனவரி முதல் நுழையும் சரக்குக்குப் பணமும் உண்டு. "எங்கள் ஆலைகள் புகைக்கு விலை கொடுக்கின்றன, அயலார் கொடாது விற்றால் ஆலைகள் அங்கே இடம்பெயருமேயன்றிப் புகை குறையாது" என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை.

எனினும் இந்தியாவின் நிலையை நோக்குக. அங்கே உருக்கின் பெரும்பகுதி நிலக்கரியை நம்பியே செய்யப்படுகின்றது. ஊதுலை வழியே ஒரு டன் உருக்குச் செய்ய ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு எழுகின்றது. பழைய இரும்பை மின்னுலையில் உருக்கினால் புகை மிகக் குறையும். ஆனால் பழைய இரும்பு மலிந்திருப்பது, நெடுங்காலம் இரும்பைக் குவித்த நாடுகளிலன்றோ! இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி சுட்ட நிலக்கரியால் இரும்பை உருக்கியது 1709இல். ஜாம்ஷெட்பூர் ஆலை முதன்முதல் உருக்கு வார்த்தது 1912இல். இடைப்பட்ட இரு நூற்றாண்டுகளில் மேனாடுகள் செல்வம் சேர்த்தன. புகையோ அனைவர்க்கும் பொதுவான வானில் சேர்ந்தது. பொறுப்பு யாவர்க்கும் பொது, அளவிலோ வேறு என்று 1992இல் ரியோ மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டது இதனாலேயே. பந்தியில் முந்தி உண்டவர், பிந்தி வந்தவரிடம் இலைக்குக் காசு கேட்பது முறையாகுமா?

அங்ஙனமாயின் நாமும் தடையின்றிப் புகைவிடலாம் என்பார் சிலர். அது அறமன்று. பிறர் செய்த தீங்கு நம் தீங்குக்கு உரிமைச் சீட்டாகாது. வெள்ளமும் வறட்சியும் முதலில் அழிப்பது ஏழையின் குடிசையையே.

நிற்க, வரியின் சுமை ஈற்றில் எங்கே இறங்கும்? 1930ஐ ஒட்டிய மந்த காலத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, மலாயாத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது; பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். சந்தை எங்கோ இருந்தது. அடி விழுந்தது பால்வெட்டுபவன் முதுகில். உலையடியில் நிற்பவனுக்கும் அக்கதியே நேரலாம்.

இதற்கு ஒரு வழி அச்சட்டத்திலேயே உண்டு. சரக்குச் செய்த நாட்டிலேயே புகைக்கு விலை கொடுத்திருந்தால், அத்தொகை ஐரோப்பிய வரியிற் கழிக்கப்படும். ஆகவே, ஏற்றுமதி நாடுகள் அவ்வரியைத் தாமே வாங்கித் தூய உலைகளுக்கும், வேலையிழக்கும் தொழிலாளர்க்கும் செலவிடுதல் வேண்டும். எல்லையில் வாங்கிய பணத்தை ஐரோப்பியர் எளிய நாடுகளின் உலைகளை மாற்றவே திருப்பித் தருதல் வேண்டும். வானைக் காக்கும் பொருட்டு வாங்கிய காசு வாங்கியவர் கருவூலத்திலேயே தங்குமாயின், அதன் பெயர் சுங்கம், அறம் அன்று.