நான் ஒன்றும் செய்யவில்லை

"நான் ஒன்றும் செய்யவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதை ஒரு நற்சாட்சிப் பத்திரமாக ஏற்றுக்கொள்வது நம் வழக்கம். திருடவில்லை, பொய் சொல்லவில்லை, யாரையும் அடிக்கவில்லை. இதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன எதிர்பார்ப்பது? நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாகாயத்தில் ஒரு நண்பர் வீட்டில் கழித்த ஒரு மாலைப்பொழுது அந்த நினைப்பை ஆட்டிவிட்டது. ஆட்டியது ஒரு புகைப்படம்.

நண்பர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆரணி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சிறிய வீடு. நல்ல கறுப்பு நிறம். என்றோ சுண்ணாம்புத் தொட்டி தெறித்ததால் வலது கன்னத்தில் வெளிறிய தழும்பு ஒன்று உண்டு. அவருடைய மகன் புதிதாக ஒரு கேமரா வாங்கியிருந்தான். அப்பாவை வாசற்படியில் நிறுத்தி ஒரு படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டவேண்டும் என்பது அவன் ஆசை.

இந்தக் கேமராக்கள் படத்தை இரண்டு விதமாகப் பதிகின்றன. ஒன்று, சமைத்து இலையில் பரிமாறிய சாப்பாடு போன்றது. மற்றொன்று, கடையிலிருந்து வந்த அரிசியும் காயும் போன்றது. நாமேதான் சமைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதற்கு 'ரா' என்று பெயர். தமிழில் பச்சைப் படம் என்று சொல்லலாம். பையன் பச்சைப் படமாகத்தான் எடுத்திருந்தான். கம்ப்யூட்டரில் திறந்தால், "இந்தக் கேமராவை எனக்குத் தெரியாது" என்கிற பாவனையில் மென்பொருள் கையை விரித்துவிட்டது.

"கேமரா புதுசு, என் மென்பொருள் பழசு, மாமா" என்றான். ஒவ்வொரு நிறுவனமும் பச்சைப் படத்தைத் தனக்கென்று ஒரு லிபியில் எழுதுகிறதாம். 1997-ல் டேவ் காஃபின் என்ற அமெரிக்கர் தனியொருவராக உட்கார்ந்து இந்த லிபிகளைப் படிக்க ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான கேமராக்களின் பாஷையை அது கற்றுக்கொண்டது. 2004-ல் அடோபி நிறுவனம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு லிபியை வெளியிட்டது. ஆனாலும் இன்றுவரை எல்லோரும் அதில் எழுதுவதில்லை.

பையன் முதலில் ஒரு குறுக்குவழி பார்த்தான். கோப்புக்குள் இருந்த கேமராவின் பெயரை அழித்துவிட்டு, மென்பொருளுக்குத் தெரிந்த ஒரு பழைய கேமராவின் பெயரை எழுதினான். படம் திறந்தது. ஆனால் அப்பா நாவற்பழ நிறத்தில் இருந்தார்! பச்சைப் படத்தில் இருப்பவை வெறும் எண்கள். எந்தக் கண் பார்த்தது என்று தெரிந்தால்தான் அவற்றுக்கு நிறம் சொல்ல முடியும். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சுருக்கென்றும் இருந்தது. புதிதாக ஒரு மனிதனைச் சந்தித்தால் நாமும் இதைத்தானே செய்கிறோம்? அவன் யாரென்று தெரிந்துகொள்ளப் பொறுமையில்லாமல், நமக்குத் தெரிந்த ஒருவனின் பெயரையோ ஊரையோ சாதியையோ அவன்மேல் எழுதித் திறந்து பார்க்கிறோம். நிறம் மாறித் தெரிந்தால், "அவன் அப்படித்தான்" என்கிறோம்.

பிறகு மென்பொருளின் புதிய பதிப்பை இறக்கினான். படம் ஒழுங்காகத் திறந்தது. ஒரு நொடிக்குக் கேமராவின் பின்புறத் திரையில் கண்ட அதே படம். அடுத்த நொடி, யாரும் தொடாமலே அது மாறியது. முகத்தில் ஒளி ஏறிற்று. கறுப்பு மாநிறமாகத் தெளிந்தது. தழும்பு சுற்றியிருந்த தோலோடு கலந்து மங்கிவிட்டது.

"நான் ஒன்றும் செய்யவில்லை, மாமா! எல்லாம் டிஃபால்ட்" என்றான்.

எனக்குத் தெரிந்த டிஃபால்ட், வாங்கிய கடனைக் கட்டாதவரைப் பற்றி வங்கிக்காரர்கள் சொல்வது. இங்கே அதற்கு வேறு பொருள். நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், மென்பொருளை ஆக்கியவர்கள் நமக்காக முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் திருத்தம். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நாம் செய்யவேண்டியதைச் செய்யாமல் இருந்துவிடுவது.

"சரி, முதலில் ஒரு நொடி வந்ததே, அந்த நிஜமான படத்தை வைத்துக்கொள்" என்றேன். அதுவும் நிஜமல்ல என்றான் அவன். அது கேமராவே தன் ருசிக்குச் சமைத்து உள்ளே ஒட்டிவைத்த சின்னப் படமாம். "அப்படியானால் எல்லாத் திருத்தத்தையும் எடுத்துவிடு." எடுத்தான். இருண்ட, பசுமை படர்ந்த ஓர் உருவம் தெரிந்தது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின்படி, கேமராவின் கண்ணில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு. சிவப்புக்கும் நீலத்துக்கும் கால் கால் பங்குதான். கணக்குப் போட்டுச் சரி செய்யாவிட்டால் உலகமே பாசி பிடித்தது போலத் தோன்றும். அதுமட்டுமல்ல, என் கண்ணெதிரே நேராக நிற்கும் வாசல் நிலை, படத்தில் வில்லாக வளைந்திருந்தது. லென்ஸின் கோணல் அது. அதைத் திருத்தினால்தான் நிலை நிலையாக நின்றது.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. திருத்தினால் பொய், திருத்தாவிட்டாலும் பொய். எதைத்தான் சுவரில் மாட்டுவது?

அதுவரை பேசாமல் இருந்த நண்பர் வாயைத் திறந்தார். "பச்சைத் தோல்தான் நிஜம்னு வீட்டுல வெச்சுப் பாருங்க சார், ரெண்டு நாள்ல நாறிடும். உப்புப் போடணும், சுண்ணாம்புல ஊறணும், மயிர் போகணும், அப்புறம் ஆவாரம்பட்டையோ குரோமோ ஏறணும். இதெல்லாம் பொய்யா? இது இல்லாம செருப்பே இல்லை. ஆனா ஒண்ணு. மாட்டுத் தோல்ல உண்ணி கடிச்சிருக்கும், முள்ளு கிழிச்சிருக்கும், சூடு போட்டிருப்பாங்க. தழும்பு அதிகமா இருந்தா மேல்பக்கத்தைத் தேய்ச்சு எடுத்துட்டு, பூச்சு பூசி, பிரஸ்ஸுல வெச்சு வேற ரேகையை அழுத்திடுவாங்க. 'கரெக்டட் கிரெயின்'னு பேரு. அதுவும் வியாபாரம்தான், தப்பில்லை. அதைத் தேய்க்காத தோல்னு சொல்லி விக்கிறான் பாருங்க, அதுதான் திருட்டு."

நான் தேடிக்கொண்டிருந்த வரம்பை அவர் சொல்லிவிட்டார். திருத்துவது குற்றமல்ல. திருத்தியதை மறைப்பது குற்றம். ஆனால் இந்த டிஃபால்ட்டில் மறைப்பவனே கிடையாது. செய்தவன் எங்கோ இருக்கிறான். இங்கே இருப்பவனோ, "நான் ஒன்றும் செய்யவில்லை" என்கிறான். உலகத்தில் பல அநியாயங்கள் இப்படித்தான் ஆள் இல்லாமலே நடக்கின்றன. கோடாக் நிறுவனம் பல ஆண்டுகள் வண்ணப் படம் அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷர்லி அட்டை' என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த முகங்கள் மைக்கறையாக விழுந்தாலும், அச்சிட்டவர் யாரையும் அவமதிக்க எண்ணவில்லை. அட்டையைப் பார்த்து அச்சிட்டார், அவ்வளவுதான். இதை ஆராய்ந்து 2009-ல் எழுதிய கனடாப் பேராசிரியை லோர்னா ராத், கறுப்பும் பழுப்பும் பிரிந்து தெரிய ஃபிலிமைச் சீராக்கத் தூண்டியவற்றில், சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் வியாபாரிகளும் செய்த புகார்களும் உண்டு என்கிறார். மனித முகங்களுக்காக அவ்வளவு உரக்க யாரும் புகார் சொல்லவில்லை போலும்!

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுதான் இருக்கிறது. அவள் போன பிறகு, பழைய குடும்பப் படத்திலிருந்து ஒரு ஸ்டூடியோவில் பிரித்து எடுத்துப் பெரிதாக்கியது. அம்மா கறுப்பு. கன்னத்தில் அம்மை வடு உண்டு. படத்தில் சிவப்பாக, வடுவின்றி இருக்கிறாள். அப்படிச் செய்யும்படி நான் சொல்லவில்லை. ஸ்டூடியோக்காரரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் செய்வதைச் செய்தார். நான் பணம் கொடுத்து வாங்கி வந்தேன். உண்மையைச் சொன்னால், பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இன்று என் பேரப்பிள்ளைகளுக்கு அந்த முகம்தான் கொள்ளுப்பாட்டி. மூலப் படம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அதற்காகப் பாகாயத்தில் உட்கார்ந்துகொண்டு, முகத்தைத் திருத்துவதே பாவம் என்று சொல்லிவிட முடியாது. இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். கை நிமிர்ந்தும் அவர்களுக்கு வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. புருவம் உதிர்ந்த முகம் காட்டிக்கொடுத்தது. எனவே தலைத் தோலிலிருந்து முடியோடு எடுத்துப் புருவம் வைத்தார்கள், அமுங்கிய மூக்கை எழுப்பினார்கள். அதைப் பொய் என்று சொல்ல யாருக்கு நா எழும்? அங்கே முகத்துக்குரியவனே கேட்டான். செய்தவரும் தம் கையால், தெரிந்தே செய்தார். என் அம்மாவை யாரும் கேட்கவில்லை.

நான் பையனிடம், "அப்பாவையே கேளேன்" என்றேன்.

நண்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே வந்தார். "வெளுக்க வைக்காதே. தழும்பு இருக்கட்டும், அது சோறு போட்ட தழும்பு. கண்ணு மட்டும் இருட்டா இருக்கு, அங்கே கொஞ்சம் வெளிச்சம் வை. நிலைப்படி கோணல நிமித்திடு, ஆசாரி ஒழுங்காத்தான் வெச்சான்" என்றார். பையன் ஒவ்வொன்றாகச் செய்தான். பச்சைப் படத்தை அழிக்காமல் தனியே எடுத்து வைத்தான்.

ஊர் திரும்பியதும் அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். பின்புற அட்டையில் பேனாவால் எழுதினேன்: "நிறம் இதைவிடக் கறுப்பு. இடது கன்னத்தில் அம்மை வடு உண்டு. மாற்றியது ஸ்டூடியோக்காரரும், சும்மா இருந்த நானும்." பிறகு அதே ஆணியில் மாட்டிவிட்டேன்.