லைன் கிளியர்

எங்களுடையது சின்னக் கூட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மாடியில், ரயில் பைத்தியங்கள் சிலர் கூடுகிறோம். வருகை நோட்டில் 23 பெயர்கள் இருக்கின்றன. வருவது பத்துப் பன்னிரண்டு பேர். பேசுவது 3 பேர். அந்த மூவரில் நான் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இங்கே நான் எழுப்ப விரும்பும் பிரச்னையில் என் பங்கு என்ன என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

சென்னையிலிருந்து கார்டு லைனில் வருகிற வண்டி கொள்ளிடத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம், காவிரியைத் தாண்டித் திருச்சி டவுன், பிறகு பொன்மலை, ஜங்ஷன் என்று போகிறது. கொள்ளிடப் பாலத்தில் வண்டி ஏறும் ஓசை எங்கள் மாடிக்குக் கேட்கும். கேட்டதும் பேச்சு நின்றுவிடும். ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார். வண்டி போன பிறகு யாராவது "இருபது நிமிஷம் லேட்" என்பார். மறுபடி மௌனம், அல்லது மறுபடி நாங்கள் மூவர்.

இந்த மௌனத்தை ஒரு குறையாக நினைத்து அதை நீக்கும் பொறுப்பைச் சென்ற ஆண்டு நான் ஏற்றுக்கொண்டேன். முதல் காரியமாக, வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக ஐந்து நிமிஷமாவது பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலப் பேசினார்கள். அடுத்த மாதம் நான்கு பேர் வரவில்லை.

அதற்குப் பிறகு எதிர்க்கட்சிக்குத் தாவினேன். மௌனமாக இருப்பது ஒருவனுடைய உரிமை, அதுவும் ஒரு வகைப் பங்கேற்புதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்தக் கட்சிக்குச் சாட்சியங்கள் ஏராளம். இங்கிலாந்தில் சதர்ன் ரயில்வேயில் வேலை பார்த்த ஐயன் ஆலன் என்ற இளைஞர், 1942இல் அந்த ரயில்வேயின் எஞ்சின் எண்களைத் தொகுத்துச் சிறு புத்தகமாகப் போட்டார். அதன் பின் ஒரு தலைமுறைப் பையன்கள் பிளாட்பாரக் கோடியில் நின்று, பார்த்த எண்களை அடிக்கோடிட்டுக் கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நிற்பவனோடு ஒரு வார்த்தை பேசாமலே ஒரு பொழுதை அவனோடு பகிர்ந்துகொள்ள முடிகிற பொழுதுபோக்கு இது. நம் பக்கத்தில் 1989இல், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் சிலர் இந்திய ரயில்வே ரசிகர்களுக்கான ஒரு வட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் சேர்ந்த விவரங்களைத் தந்தவர்களைவிட அவற்றைப் படித்துப் பயனடைந்தவர்களே அதிகம். நானும் அந்தப் பெரும்பான்மையில் சேர்ந்தவன். இலக்கியத்துக்கு வந்தால், மௌனி இரண்டு டஜன் கதைகளோடு நின்றுகொண்டார். அவர் பங்கேற்கவில்லை என்று யாரும் சொல்லத் துணியவில்லை.

வங்கியில் நான் பார்க்கும் வேலையும் இதற்குத் துணை வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எதுவும் செய்யாத கணக்கைச் செயலற்ற கணக்கு என்று தனியே பிரித்து வைக்கிறோம். பத்து ஆண்டு ஆகியும் யாரும் வரவில்லை என்றால் அந்தப் பணம் ரிஸர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய நிதி ஒன்றுக்குப் போய்விடுகிறது. ஆனால் அதன் பிறகும் உரியவர் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். பேசாததனால் ஒருவனுடைய இருப்பு அழிந்துவிடுவதில்லை என்ற இந்தத் தத்துவத்தை ஒரு லெட்ஜர் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இந்த நிலையிலும் நெடுநாள் நிற்க முடியவில்லை. மார்கழியில் பெரிய கோயிலில் அரையர் சேவையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சந்தேகம் வந்தது. கூட்டம் குறைவானாலும் நிறைவானாலும் அரையர் தாளத்தைத் தட்டிக்கொண்டு பாடுகிறார், அபிநயம் பிடிக்கிறார். எதிரில் பெருமாள் இருக்கிறார். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. மனிதர் முன்னால் பேசுகிற எங்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. திருப்தியோடு கேட்டுக்கொண்டிருப்பவனின் மௌனமும், மனம் வேறெங்கோ போய்விட்டவனின் மௌனமும் காதுக்கு ஒன்றே போலத்தான் இருக்கின்றன. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இதழ் போய்ச் சேர்ந்ததா, பிரித்துப் படித்தார்களா, அலமாரி மேல் கிடக்கிறதா என்று எதுவும் தெரியாமல் அடுத்த இதழுக்குக் காகிதம் வாங்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ரயில்வேயிலேயே ஒரு விடை இருப்பதாகப் பட்டது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட பகுதியை பிளாக் செக்‌ஷன் என்கிறார்கள். அதில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். இந்த ஸ்டேஷன்காரர் மணி அடித்து அடுத்த ஸ்டேஷனைக் கேட்கிறார். அந்த ஸ்டேஷன்காரர் அதே மணியைத் திருப்பி அடித்து, கேட்டேன் என்று தெரிவிக்கிறார். தம் பக்கம் சரியாக இருந்தால் லைன் கிளியர் கொடுக்கிறார். பந்து டோக்கன் கருவி இருந்த இடங்களில் இருவரும் ஒத்துழைத்தாலொழியக் கருவியிலிருந்து பந்து வெளியே வராது. அந்தப் பந்தைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவர் கையில் கொடுத்த பிறகுதான் வண்டி நகரும். பதில் வராவிட்டால் வண்டி நிற்க வேண்டியதுதான். பழைய கைகாட்டியின் கம்பி அறுந்து போனாலும், எடைக்கல்லின் பாரத்தால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்குப் போய்விடும்படி அமைத்திருந்தார்கள். ரயில்வேயில் மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான். நில்.

ஆகவே மௌனமாக இருப்பவர் பேச வேண்டியதில்லை, பதில் மணி மட்டும் அடித்தால் போதும் என்று முடிவு செய்தேன். ஒரு தலையசைப்பு, ஒரு 'ம்', ஒரு வரிக் கடிதம். பேசுகிறவனுக்குக் கேட்கிறவன் பட்ட கடன் அவ்வளவுதான். அழகான தீர்வு என்று எனக்கே ஒரு பெருமை. அடுத்த கூட்டத்தில் இதை விளக்கிச் சொன்னேன். பலர் தலையசைத்தார்கள்.

தலையசைக்காதவர் ஒருவர் இருந்தார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்றவர்; எழுபதைத் தாண்டியவர். ஓராண்டாகப் பஸ் ஏறி வந்து, சுவரோரம் உட்கார்ந்து, எதுவும் பேசாமல் போய்க்கொண்டிருந்தார். அன்று எங்களில் இளையவன் ஒருவன், எங்கோ தேடிப் பிடித்த பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டான். மீட்டர் கேஜ் ஒய்.பி. எஞ்சின் மேட்டில் ஏறும் சத்தம், நடுவே நீண்ட விசில். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். கண்ணைத் திறந்தபோது பெரியவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது.

"சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

அவர் கையை வலது காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டார். "இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க தம்பி. அந்தக் காது பாய்லர் ஷாப்போட போயிருச்சு. இதுவும் அரைதான்" என்றார்.

பிறகு அவரே சொன்னார். பாய்லருக்குள் ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பானாம். வெளியே காற்றுச் சுத்தியலால் ஸ்டே போல்ட்டின் தலையை அடிப்பார்களாம். அடி விழும் இரும்புக்கு உள்ளேயே மனிதன் இருக்கிறான். பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்று அந்த வயதில் நினைத்ததாகச் சொன்னார். 1974 மே மாதம், 8ஆம் தேதியிலிருந்து 20 நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, உள்ளே போகாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் காதுக்குள் ஒரு ரீங்காரம் ஓயாமல் இருப்பதை முதன்முதலாகக் கவனித்தாராம். "அதுவரைக்கும் அது வெளியில கேக்குற சத்தம்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்கள் மூவரில் ஒருவர், "நீங்க வேலை பாத்த எஞ்சின் நம்பர் ஏதாவது ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டார். பெரியவர் சிரித்து, இல்லை என்று கையை ஆட்டினார். பேச்சு எண்களுக்குத் திரும்பியது. நான் அதைத் தடுக்கவில்லை. உண்மையில் எனக்கு ஒரு நிம்மதி ஏற்பட்டது. அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

இந்த நிம்மதியைப் பற்றித்தான் நான் யோசித்தாக வேண்டியிருந்தது. லைன் கிளியர் கொடுப்பதைப் பற்றி அத்தனை பேசிய நான், அதன் முதல் நிபந்தனையை மறந்திருந்தேன். மணி கேட்டால் மட்டும் போதாது. லைன் கிளியர் கொடுக்கிறவர் முதலில் தம்முடைய பாதை காலியாக இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். எங்கள் பாதையில் எங்கள் வண்டியே நின்றுகொண்டிருந்தது. எண்கள், வகைகள், விசில்கள், நீராவியின் வசீகரம் என்று 3 பேர் நிரப்பி வைத்திருந்த செக்‌ஷனுக்குள் மற்றவர்களை வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் வராததற்குக் கூச்சத்தையும் சோம்பலையும் காரணம் சொன்னோம்.

பொன்மலை என்றால் எங்களுக்கு என்ன? நாகப்பட்டினத்திலிருந்து 1920களின் கடைசியில் இடம் பெயர்ந்து வந்த தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப். நீலகிரி மலை ரயிலுக்கு இந்த நூற்றாண்டிலும் புதிதாக நீராவி எஞ்சின் செய்து கொடுத்த இடம். திருச்சியில் 2014இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனால் பளபளவென்று துடைத்து வைத்திருக்கும் பொருள்களுக்குப் பின்னால் நாங்கள் காணும் ஊர். அங்கே குடியிருக்கிறவர்களுக்கு அது அந்த இடமாற்றக் காலத்தின் ஆட்குறைப்பும் 1928 வேலைநிறுத்தமும்கூட. 1946 செப்டம்பர் 5இல் துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் செத்து விழுந்த மைதானமும்கூட. இரண்டும் ஒரே ஊர்தான். எங்கள் மாடியில் ஒன்றுக்குத்தான் நாற்காலி இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாலு பேர் எஞ்சினைப் பற்றிப் பேசிச் சந்தோஷப்படுவதில் என்ன தப்பு, அந்தச் சின்னச் சந்தோஷத்தின் தலையிலும் சரித்திரத்தின் சுமையை ஏற்ற வேண்டுமா என்று கேட்கலாம். ஏற்ற வேண்டியதில்லை. பிளாட்பாரக் கோடியில் நின்று எண் குறிப்பவன் யாருக்கும் எந்தக் கடனும் படவில்லை. அவன் யாரையும் பேசச் சொல்லவுமில்லை. ஆனால் நான் சொன்னேன். ஒருவரைப் பேச அழைத்துவிட்டால், அவர் என்ன பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அழைத்தவனுக்கு இல்லாமல் போய்விடுகிறது. கேள்வி என்பது ஒரு வாக்குறுதி. என்ன பதில் வந்தாலும் அதற்கு இடம் இருக்கிறது என்ற வாக்குறுதி. அதைத் தர முடியாதவன் கேட்காமல் இருப்பதே நாணயம். பங்கேற்பு குறைவு என்று அங்கலாய்க்கிற ஸ்தாபனங்கள், பெரியவையும் சிறியவையும், இலக்கியக் கூட்டங்கள் உட்பட, பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்கு வேண்டிய பதிலைச் சொல்ல ஆள் இல்லையே என்ற வருத்தத்தை, பேச ஆள் இல்லை என்பதாக மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம்.

ஒரு சனிக்கிழமை பொன்மலைக்குப் போய் அவரைப் பார்த்தேன். வலப் பக்கமாக உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு என்னவென்று விளங்கியிருக்குமா என்பதும் சந்தேகம்தான். காப்பி வந்தது. அவரே கேட்டார்: "அன்னைக்கு அந்தப் பையன் ஏதோ போட்டானே, எல்லாரும் கண்ண மூடிக்கிட்டீங்களே, அது என்னது தம்பி?"

ஒய்.பி. எஞ்சின் விசில் என்றேன். இரண்டாவது முறை சற்று உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "அப்படியா!" என்று தலையை மெல்ல ஆட்டினார்.

இப்போது எங்கள் கூட்டத்தில் ஒருவர் பேசி முடித்த பின் மூவரும் ஐந்து நிமிஷம் வாயைத் திறப்பதில்லை என்று ஒப்பந்தம். அது எத்தனை நீண்ட நேரம் என்பது பேசிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். பல நாள் அந்த ஐந்து நிமிஷத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. சென்ற மாதம் பெரியவர் வந்திருந்தார். அவருடைய அரைக் காது எங்கள் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தோம். கொள்ளிடப் பாலத்தில் வண்டி ஏறியது. நாங்கள் பேச்சை நிறுத்தியதைப் பார்த்து அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். அன்றும் அவர் எதுவும் பேசவில்லை.