இடைக்காலப் பொறுப்பும் முழுக்கடமையும்

பதவிகளுள் மிகவும் இக்கட்டானது எது என்று வினவினால், உயர்ந்த பதவியே என்பர் சிலர். ஊதியம் குறைந்த பதவியே என்பர் வேறு சிலர். எம் எண்ணத்தில், ‘பொறுப்பு’ என்னும் சொல்லை அடைப்புக்குறிக்குள் தாங்கி நிற்கும் பதவியே மிகவும் இக்கட்டானது. ‘பொறியாளர் (பொறுப்பு)’ என்று அலுவலகப் பலகைகளில் எழுதியிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். நடுவில் நிற்க வேண்டிய சொல் ஓரத்தில் ஒதுங்கி, இரு வளைகோடுகளுக்கிடையே அடைபட்டுக் கிடக்கிறது! கன்னடத்தில் இதனைப் ‘பிரபார’ என்பர். அச்சொல்லுக்குள் பாரம் இருப்பதை அவர்கள் மறைக்கவில்லை.

ஹனூரை எண்ணிப் பார்ப்போம். கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த சிற்றூர் அது. கொள்ளேகால வட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்று மைசூர் மாநிலத்தோடும் மைசூர் மாவட்டத்தோடும் இணைந்தது. 1997-இல் சாமராசநகர் மாவட்டம் பிறந்தபோது அதன் பகுதியாயிற்று. பின்னர் ஹனூர் தனி வட்டமாகவும் பிரிந்தது. அங்குள்ள தமிழ்க் குடிகள் பலர் இடம்பெயரவில்லை, எல்லைதான் இடம்பெயர்ந்தது. ஆளும் அலுவலகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஊரும் சாலையும் வாய்க்காலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அத்தகைய ஊரில் பொதுப்பணிகளைக் கவனிக்கும் பொறியாளர் மாற்றலாகிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதியவர் வரச் சில திங்கள் ஆகும். பக்கத்து ஊர்ப் பொறியாளருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஓர் ஆணை வருகிறது. அவ்வேளையில் மழை பெய்து சிறுபாலம் ஒன்று இடிகிறது. சிவராத்திரிக்கு மலையேறும் அடியார் கூட்டம் அவ்வழியேதான் நடந்து வர வேண்டும். பொறுப்பு அலுவலர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, “நிலையான அலுவலர் வரட்டும்” என்று எழுதி மூடினால் அது அடக்கமா, அன்றிக் கடமை தவறுதலா? ஈதே நாம் ஆராயப் புகுந்த வினா.

முதற்கண் சட்டம் கூறுவதைக் காண்போம். ஒரு பதவியின் நடப்புப் பணிகளை மட்டும் பார்க்குமாறு பணிக்கப்பட்டவர், அப்பதவிக்குரிய நிர்வாக அதிகாரத்தையும் நிதி அதிகாரத்தையும் செலுத்தலாம்; சட்டம் நேரே வழங்கும் அதிகாரத்தைச் செலுத்தலாகாது என்று நடுவண் அரசு 1963-இல் விளக்கம் தந்தது. ஹரியானாவில் உட்கோட்ட அலுவலர் ஒருவர் செயற்பொறியாளரின் நடப்புப் பொறுப்பைப் பார்த்து வந்தார். அப்பொறுப்பு அவருக்குப் பதவி உரிமையைத் தாராது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998-இல் அதே நீதிமன்றம் அந்தமான் ஆசிரியர் ஒருவரின் வழக்கில், உயர்பதவியின் வேலையை உண்மையாகவே செய்தவருக்கு அவ்வேலைக்குரிய ஊதியத்தை மறுக்கலாகாது என்றது. இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஓர் அறம் தெளிவாகிறது: இடைக்காலத்தவருக்கு நாற்காலியின்மீது உரிமை இல்லை, ஆயினும் அவர் செய்யும் வேலை முழு வேலையே. உரிமை அரைகுறையாக இருக்கலாம். கடமை அரைகுறையாக இருத்தல் இயலாது.

நம்மவர் இவ்விடத்தில் பரதனை எடுத்துக்காட்டுவர். “பாதுகையை அரியணையில் வைத்துத் தான் ஒதுங்கி இருந்தானே! இடைக்காலத்தவன் அப்படியன்றோ இருத்தல் வேண்டும்?” என்பர். காவியத்தைக் கூர்ந்து நோக்குவார்க்கு உண்மை வேறாகத் தோன்றும். பரதன் ஒதுங்கியது அரியணையிலிருந்துதான், அரசியலிலிருந்து அன்று. நந்தியம்பதியில் தவக்கோலத்தில் இருந்துகொண்டே பதினான்கு ஆண்டுகள் அவன் நாட்டைக் காத்தான். பாதுகை ‘இது என்னுடையதன்று’ என்பதற்கு அடையாளமே தவிர, ‘இது என் வேலையன்று’ என்பதற்கு அடையாளமன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் நம் ஊர்களில் கோப்புகள் உறங்குகின்றன.

அண்மை வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. 1964 மே 27-இல் நேரு மறைந்ததும் குல்சாரிலால் நந்தா இடைக்காலத் தலைமையமைச்சரானார். சூன் 9-இல் சாஸ்திரி பொறுப்பேற்றதும் விலகினார். 1966 சனவரி 11-இல் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்ததும் மீண்டும் அழைக்கப்பட்டார். சனவரி 24-இல் இந்திரா காந்தியிடம் பொறுப்பை ஒப்படைத்தார். இருமுறையும் நாடு கலங்கி நின்ற நேரம். ஆட்சி ஒருநாளும் நிற்கவில்லை. அவரும் ஒருநாளும் மிகுதியாக அமர்ந்திருக்கவில்லை.

ஆயினும் பதின்மூன்று நாள் வேறு, பல திங்கள் வேறு. காலம் நீளும்போது இருவகைத் தீமைகள் தலைகாட்டும். ஒன்று, எதையும் செய்யாமல் நாளைக் கடத்துதல். மற்றொன்று, வந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டு, வருகின்றவரின் கைகளைக் கட்டிவிடுதல். இடிந்த பாலத்தை விட்டுவைப்பது முதலாவது. பத்தாண்டுகளுக்கு ஊரைப் பிணைக்கும் ஒப்பந்தத்தில் அவசரமாகக் கையொப்பமிடுவது இரண்டாவது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி எது? செயலுக்குமுன் இரு வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். ‘இது காத்திருக்குமா?’ என்பது ஒன்று. ‘இதனைப் பின்னர் மாற்ற இயலுமா?’ என்பது மற்றொன்று. காத்திராததை உடனே செய்க. மாற்ற இயலாததும் காத்திருக்கக் கூடியதுமான ஒன்றை வருபவருக்கு விடுக. காத்திராததும் மாற்ற இயலாததுமாக ஒன்று வந்தால், காரணங்களை எழுதி வைத்துப் பலர் அறியச் செய்க.

இதில் பொறுப்பு ஏற்பவருக்கு மட்டுமன்று, பொறுப்பு அளிப்பவருக்கும் அறம் உண்டு. ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், வேலையையும் கருவியையும் ஆளையும் ஆராய்ந்த பின்னர் அவ்வேலையை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்கிறார். ஆராய்வதைப் போலவே விட்டுவிடுவதும் அறம். அதிகாரத்தைத் தாராமல் பழியை மட்டும் தருவது விடுதல் ஆகாது. நிலையான ஆளைத் தேடாமல் இடைக்கால ஏற்பாட்டையே ஆண்டுக்கணக்கில் நீட்டுவதும் அத்தகையதே. அவ்வாறு நீட்டும்போது தண்டனை பெறுபவர் அலுவலர் அல்லர். பாலத்தைக் கடக்க வேண்டிய மூதாட்டியே.

உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரைக் கண்டிருப்பீர்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அவை. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம் எனக் குடவோலை இட்டுத் தேர்ந்தனர். அதில் எல்லோருக்கும் இடமிருந்ததென்று சொல்வதற்கில்லை. நிலமும் கல்வியும் உடைய ஆடவருக்கே வாய்ப்பு. எனினும் ஒன்றை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஏரி வாரியத்தார் அறுவரின் பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். குற்றம் கண்டால் உடனே விலக்கல். கணக்குக் காட்டாதவருக்கும் அவர்தம் உறவினருக்கும் மறுமுறை இடமில்லை. அங்கே எல்லோருமே இடைக்காலத்தவர்! ஏரியோ நூற்றாண்டுகள் கடந்து நின்றது. ஆள் நிலையாக இருந்ததால் அன்று, கணக்கு நிலையாக இருந்ததாலேயே பணி நிலைத்தது.

கன்னடத்தில் பொதுப்பணித் துறையை ‘லோகோபயோகி’ இலாகா என்பர். உலகிற்குப் பயன்படுவது என்பது பொருள். உலகிற்குப் பயன்படுவதில் தற்காலிகம் என்று ஒரு வகை உண்டோ?

புலம்பெயர்ந்து வாழும் நாம் இவ்வினாவை நமக்கே திருப்பிக்கொள்ளுதல் நன்று. “இங்கே சில காலம்தான், பின்னர் ஊருக்குப் போய்விடுவோம்” என்று சொல்லிக்கொண்டு வந்த குடும்பங்கள் எத்தனை! கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் சுரங்கத்தில் உழைத்தனர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் வீடும் பள்ளியும் கல்லறையும் அங்கேயே இருக்கின்றன. ‘சில காலம்’ என்னும் சொல்லைச் சாக்காகக் கொண்டு, வாழும் ஊரின் மொழியைக் கல்லாமலும், அதன் தெருவைத் தம் தெருவென எண்ணாமலும் இருந்துவிட்டால், நாமும் கோப்பை மூடிவைக்கும் அந்தப் பொறுப்பு அலுவலரே ஆவோம்.

எண்ணிப் பார்த்தால், இவ்வுலகில் ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னும் அவ்வடைப்புக்குறி இருக்கத்தான் செய்கிறது. நமக்கு முன்னும் ஒருவர் இருந்தார். நமக்குப் பின்னும் ஒருவர் வருவார். வருபவர் ஏற்கும்போது பாலம் நடக்கத்தக்கதாகவும் கணக்கு படிக்கத்தக்கதாகவும் இருக்குமாயின், இடைக்காலம் என்பது குறையன்று, அதுவே நிறைவு.