திருப்பிக் கொடுத்த போட்டோ

என் பர்ஸில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்கிறது. தலைக்கு மேலே, வெள்ளைப் பின்னணியில், ஸ்டேப்ளர் பின் குத்திய இரண்டு ஓட்டைகள். அதைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, இன்னொரு விண்ணப்பத்தில் வைக்கவும் மனசு வரவில்லை.

நாற்பத்தாறு வயதில் வேலை போய், வேறு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். திருச்சி தில்லைநகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலைக்கு நேர்காணல். டேலி தெரியுமா, ஜிஎஸ்டி ரிட்டர்ன் நீங்களே போடுவீங்களா, கடைசியா என்ன சம்பளம் வாங்கினீங்க என்று வழக்கமான கேள்விகள். கேட்ட பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். எல்லாம் முடிந்ததும் என் பயோடேட்டாவை எடுத்து, பின்னை நகத்தால் நெம்பி, போட்டோவைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார்.

"வச்சுக்கங்க சார், வேற இடத்துக்கு உதவும்."

வேலை இல்லை என்று அவர் வாயால் சொல்லவேயில்லை. நானும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அது உறுத்த ஆரம்பித்தது. அவர் மேஜையில் மற்றவர்களின் பயோடேட்டாக்கள் அடுக்கியிருந்தன. மேலே இருந்த ஒன்றை நான் பார்த்தேன். சிவப்புச் சட்டை போட்ட ஒரு பையனின் போட்டோ அதில் அப்படியே இருந்தது. அப்படியென்றால் அந்த அடுக்கு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, என்னுடையது மட்டும் அங்கேயே முடிந்துவிட்டது. அல்லது அவர்களும் நிராகரிக்கப்பட்டவர்கள்தான், என்னிடம் மட்டும் இரக்கம் காட்டினார். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சந்தோஷமில்லை. இந்தக் காலத்தில் பிரிண்ட் எடுத்த பயோடேட்டாவில் போட்டோ குத்திக்கொண்டு வருகிற ஆள் என்று நினைத்திருப்பாரோ என்றும் தோன்றியது. ஆனால் சிவப்புச் சட்டையும் குத்தித்தானே கொடுத்திருந்தான்?

என் சித்தப்பா ஞாபகம் வந்தது. எண்பதுகளில் லால்குடி பக்கத்தில் எங்கள் கூட்டுக் குடும்பம். அவர் பி.ஏ. முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை விடாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அதுபோக, பேப்பரில் வரும் விளம்பரங்களுக்கெல்லாம் விண்ணப்பம் போடுவார். அப்போது பல இடங்களில் சுயவிலாசமிட்டு, தபால் தலை ஒட்டிய உறை ஒன்றையும் சேர்த்து அனுப்பச் சொல்வார்கள். இல்லை என்கிற பதில் பெரும்பாலும் அந்த உறையில்தான் வரும். நேர்முகத்துக்குக் கூப்பிடுவதென்றால் கம்பெனியின் சொந்தக் கவரில், டைப் அடித்த விலாசத்தோடு வரும். அதனால் தபால்காரர் சைக்கிளை நிறுத்துவதற்குள், திண்ணையில் இருந்தபடியே அவருக்குத் தெரிந்துவிடும். உறைமேல் இருப்பது அவர் கையெழுத்தேதான். தன்னை வேண்டாம் என்று சொல்லும் கடிதத்துக்குத் தானே தபால் செலவும் செய்திருக்கிறார். இதை யோசித்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

அந்த விலாசத்தை அவர் அச்சடித்த மாதிரி எழுதுவார். இதுக்கு ஏன் சித்தப்பா இவ்வளவு அழகா எழுதுறீங்க என்று கேட்டேன். "விலாசம் புரியாம அடுத்த வீட்ல போட்டுட்டா, அவங்களுக்கும் தெரிஞ்சுபோயிடும்டா" என்றார்.

கடைசியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே நிரந்தரமாகி ஓய்வு பெற்றார். அந்த உறைகளை என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை.

இப்போது உறையும் இல்லை, தபால்காரரும் இல்லை. இணையதளத்தில் விண்ணப்பித்தால் 'பெற்றுக்கொண்டோம்' என்று உடனே ஒரு மெயில் வரும். பிறகு சத்தமே இருக்காது. வேண்டாம் என்று சொல்லக்கூட ஆள் கிடையாது. அடுத்த வீட்டுக்குத் தெரியாது என்பது ஒரு வசதி. ஆனால் முடிந்ததா இல்லையா என்பது நமக்கும் தெரியாது. வீட்டில் "ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். கேட்காமல் இருப்பது கேட்டதைவிடக் கஷ்டம்.

இந்தச் சமயத்தில் என் மச்சான் ஆறுதலுக்காக வாட்ஸ்அப்பில் கணித மேதை ராமானுஜன் கதையை அனுப்பினார். கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் அவருடைய தாள்களைக் கருத்து ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பினார்கள், 1913இல் அங்கேயே இருந்த ஹார்டி பதில் போட்டார், பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். தோற்றவனுக்கு இந்தக் கதையைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஹார்டி பதில் போட்டதால்தானே நமக்கு மற்ற இருவரின் பெயரும் தெரிகிறது? ஹார்டியும் சும்மா இருந்திருந்தால் ராமானுஜனின் கணக்கு பொய்யாகிவிடுமா?

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வருடம். எப்போதோ படித்தது. கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தேறாத ராமானுஜன், 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கேட்டு எழுதுகிறார். எஃப்.ஏ. வரை படித்தேன், பல எதிர்பாராத இடையூறுகளால் மேலே தொடர முடியவில்லை, ஆனாலும் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே செலவிட்டு வருகிறேன் என்கிற பொருளில் போகிறது அந்த விண்ணப்பம். தேறவில்லை என்பதை எவ்வளவு பக்குவமாக மூடியிருக்கிறார்! பயோடேட்டாவில் வேலை இல்லாத மாதங்களை எப்படி எழுதுவது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டதும் இதற்காகத்தான். மாதம் 30 ரூபாய்க்கு அவரை எடுத்துக்கொண்டார்கள். அதுவும் கணக்குப் பிரிவில். அந்த விண்ணப்பத்தைப் படித்து, இடைவெளியைத் தோண்டாமல், சரி வரட்டும் என்று சொன்ன அலுவலகத்தை நினைத்துப் பார்ப்பதில்தான் எனக்கு ஆறுதல் இருக்கிறது. ஹார்டி எல்லோருக்கும் வாய்க்க மாட்டார். துறைமுகம் வாய்த்தால் போதும்.

ஆனால் தில்லைநகர்ப் பெண்ணிடம் நான் எதிர்பார்த்தது என்ன? வேலை இல்லை என்று நேரே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா? முகத்துக்கு நேரே எப்படிச் சொன்னாள் பார் என்று அன்றைக்கு இரவு பொருமியிருப்பேன். மெயில் வரும் என்று சொல்லி, வராமலே போயிருந்தால்? தினமும் செல்போனைப் பார்த்திருப்பேன். போட்டோவைப் பிரதி எடுக்கச் செலவு உண்டு என்பது தெரிந்தவர்தான் அப்படிச் செய்ய முடியும் என்று சில நாள் தோன்றுகிறது. அவரும் வேலை தேடி அலைந்தவராக இருக்கலாம். வேறு சில நாள், அந்த நகம் பின்னை நெம்பிய வேகம் நினைவுக்கு வருகிறது. பழகிப்போன வேகம் அது. இரக்கமா, பழக்கமா என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

இப்போது எனக்கு ஒரு வேலை இருக்கிறது. பழைய சம்பளம் இல்லை. ஆள் எடுக்கும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களிடம் கேட்க ஒன்று உண்டு. எப்படிச் சொன்னால் வலிக்காது என்று எனக்கும் தெரியாது, ஆகவே அதைக் கேட்கவில்லை. எடுக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் ஒரு வரி எழுதிப் போட்டுவிடுங்கள்.