பிரயாணமும் தவக்குலும்

அல்லாஹ்வின் திருநாமம் போற்றி ஆரம்பம் செய்கிறேன்.



நாம் பிரயாணிகளின் பிள்ளைகள். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத் தோட்டங்களில் துணியும் மளிகையும் விற்றுக் குடும்பம் வளர்த்தார்கள். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலை அறியாத வீடு நம்மில் குறைவு. அந்நாளில் ஆளும் பெட்டியும் ஒரே கப்பலில் போயின. கப்பல் ஒரு நாள் தாமதித்தால் ஆளும் தாமதித்தார், பெட்டியும் தாமதித்தது. ஒன்றை விட்டு ஒன்று பிரியவில்லை.

இன்றோ நிலைமை வேறு. காலையில் திருச்சியில் இருப்பவர் அன்றிரவே ஜித்தாவுக்குப் புறப்பட்டு விடுகிறார். நடுவில் கோலாலம்பூரில் ஒரு விமானத்திலிருந்து இறங்கி மறு விமானத்தில் ஏற வேண்டும். மனிதர் ஒரு வழியாகவும் பெட்டி வேறொரு வழியாகவும் போகும் காலம் இது. இரண்டு விமானங்களுக்கும் இடையே ஒன்றரை மணி நேரமே வைத்துச் சீட்டு வாங்கிவிட்டு, "அல்லாஹ் விட்ட வழி, கிடைத்துவிடும்" என்று சொல்வோர் நம்மில் உண்டு. இருநூறு வெள்ளி மிச்சம் என்று மகிழ்வோரும் உண்டு.

சகோதரர்களே! இதுதானா தவக்குல்? இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுவே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கவா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைக்கவா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் கட்டு, பிறகு நம்பு என்ற கருத்திலேயே நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். இதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கயிறு நம் காலத்தில் எது என்று யோசித்தோமா? விமானப் பிரயாணத்தில் அந்தக் கயிற்றின் பெயர் நேரம்.

ஹிஜ்ரத்தை எண்ணிப் பாருங்கள். கி.பி. 622-இல் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, அல்லாஹ்வின் உதவியில் அவர்களுக்கு இருந்த உறுதி வேறு யாருக்கு இருக்க முடியும்? ஆயினும் ஏற்பாட்டில் அணுவளவும் குறை வைத்தார்களா? அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்களாகவே தீனி போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்ற வழிகாட்டியை அமர்த்தினார்கள். அவர் முஸ்லிமல்லர், ஆயினும் பாதை அறிந்தவர், நம்பத் தகுந்தவர். மூன்று இரவுகள் கழிந்தபின் தவ்ர் குகைக்கு ஒட்டகங்களைக் கொண்டுவர வேண்டும் என்று தவணை குறித்தார்கள். மதீனா வடக்கே இருக்க, தெற்கே இருந்த குகையில் தங்கினார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் உணவு கட்டிக் கொடுத்தார்கள். அபூபக்கரின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) பகலெல்லாம் ஊரில் செய்தி சேகரித்து இரவில் வந்து சொன்னார்கள்.

இதுவும் இரண்டு கட்டப் பிரயாணமே. மக்காவிலிருந்து குகை வரை ஒன்று, குகையிலிருந்து மதீனா வரை மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே மூன்று இரவுகள் இடைவெளி வைத்தார்கள், நாயகத் திருமேனி அவர்கள்! ஏற்பாடு அனைத்தும் முடிந்தபின், பகைவர் குகை வாசலில் வந்து நின்றபோதுதான், அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்று தோழருக்கு ஆறுதல் சொன்னார்கள். முயற்சி முடிந்த இடத்தில் தவக்குல் நின்றது. முயற்சிக்குப் பதிலாக நிற்கவில்லை.

மற்றொன்றையும் கவனியுங்கள். மக்காவாசிகள் அவர்களிடம் ஒப்படைத்திருந்த பொருள்களைப் பிரயாண மூட்டையில் போட்டுக்கொண்டு புறப்படவில்லை. அலீ (ரலி) அவர்களை ஊரில் நிறுத்தி, உரியவர்களிடம் சேர்ப்பிக்கச் செய்தார்கள். தம்மைக் கொல்லத் துணிந்த ஊராரின் அமானத்தும் அமானத்தே!

இந்த வெளிச்சத்தில் நம் பிரயாணத்தைப் பார்ப்போம்.

ஒரே சீட்டில் இரண்டு விமானங்களும் பதிவாகியிருந்தால், முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறும்போது அடுத்ததில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு விமானக் கம்பெனிக்கு உண்டு. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊர் வரை அவர்கள் கையிலேயே போகும். ஆனால் மலிவாக இருக்கிறதென்று தனித்தனியே இரண்டு சீட்டு வாங்கினால், கம்பெனியின் கண்ணில் அவை இரண்டு பிரயாணங்கள். முதல் விமானம் பிந்தியதற்கு இரண்டாவது கம்பெனி காத்திருக்காது, பணமும் பெரும்பாலும் திரும்பாது. இணைப்பைக் கட்ட வேண்டிய பொறுப்பு முழுவதும் நம் தலையில்.

1998-இல் சிப்பாங்கில் திறக்கப்பட்ட கோலாலம்பூர் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே இரண்டு முனையங்கள். ஏர் ஆசியா இறங்குவது 2014-இல் திறந்த இரண்டாம் முனையத்தில். மலேசியா ஏர்லைன்ஸும் பாத்திக் ஏரும் முதலாம் முனையத்தில். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுகிறவர், தனிச் சீட்டானால், குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும், பெட்டிக்குக் காத்திருக்க வேண்டும், சுங்கம் கடக்க வேண்டும், ரயிலேற வேண்டும், மறுபடியும் பெட்டியைப் பதிய வேண்டும். ரயில் ஓடுவது மூன்றே நிமிடம். மற்றவை தாம் நேரத்தை விழுங்குபவை. அயல்நாட்டு விமானத்துக்குப் பெட்டி பதியும் முகப்பைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடி விடுகிறார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இயந்திரமும் படைப்பே. முதலாம் முனையத்தில் இரு கட்டடங்களை இணைக்கும் சிறு ரயில் 2023 மார்ச்சில் நின்றுபோய், 2025 ஜூலையில்தான் திரும்ப ஓடியது. இடைக்காலம் முழுவதும் பஸ்ஸில் போனார்கள். ஆகவே தனிச் சீட்டானால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி வையுங்கள். உம்ராவுக்கோ கல்யாணத்துக்கோ போகிறவர் ஓரிரவு தங்கிப் போவது இன்னும் மேல்.

இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் மதுரை போவதானால், ஒரே சீட்டாக இருந்தாலும் பொதுவாகச் சென்னையிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பெட்டி தானே மதுரைக்கு வந்துவிடும் என்று வெறுங்கையோடு ஓடியவர் மதுரையில் வெறுங்கையோடுதான் நிற்பார்.

நம் வட்டாரத்தாருக்கு இன்னொன்று. நாம் இருப்பது சிலாங்கூரின் வடமேற்குக் கரை. விமான நிலையம் இருப்பதோ தென்கோடி. விடுமுறை நாள்களில் மின்மினி பார்க்கவும் கடலுணவு சாப்பிடவும் வருகிற வண்டிகளின் நெரிசல் நமக்குப் புதிதா? வீட்டு வாசலிலிருந்து விமான வாசல் வரை உள்ள சாலையும் ஓர் இணைப்பே. தீபாவளிக்குத் தோட்டத்தில் விற்க வேண்டிய சேலை, தீபாவளிக்கு முதல் நாள் கப்பலில் வந்திறங்கும்படி எந்த வியாபாரியாவது ஏற்பாடு செய்வாரா? சரக்குக்கு வைக்கும் தவணையை ஏன் தன் பிரயாணத்துக்கு வைப்பதில்லை?

இனி, பெட்டியைப் பற்றி. முகப்பில் பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் சீட்டில் மூன்றெழுத்துக் குறி இருக்கும். கோலாலம்பூருக்கு கே.யு.எல்., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., ஜித்தாவுக்கு ஜே.இ.டி. கடைசி ஊரின் குறி இருக்கிறதா என்று பார்த்து, "எங்கே எடுக்க வேண்டும்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு நகருங்கள். அடிச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மருந்து, கடவுச்சீட்டு, வியாபாரப் பத்திரங்கள், ஒரு மாற்றுடுப்பு ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

"எங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கு இந்த நகையைக் கொடுத்துவிடுங்கள் பாய்" என்று ஒருவர் நம்பித் தந்தால், அதைப் பதிவுப் பெட்டியில் போடுவது அமானத்தைப் பேணுவதாகுமா? விலையுயர்ந்த பொருளுக்குப் பொறுப்பில்லை என்றே பல கம்பெனிகள் நிபந்தனையில் எழுதியிருக்கின்றன. கையோடு கொண்டுபோய், சுங்கத்தில் உண்மையைச் சொல்ல இயலுமானால் ஏற்றுக்கொள்ளுங்கள்; இயலாதெனில் அன்போடு மறுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத பொட்டலத்தை, தந்தவர் யாராக இருப்பினும், தொடாதீர்கள். பெட்டி யார் பெயரில் பதிவாயிற்றோ அவரே சட்டத்தின் முன் நிற்க வேண்டியவர்.

எத்தனை கட்டினாலும் சில வேளை கயிறு அறும். விமானம் தவறும், பெட்டி வராது. அங்கே தொடங்குகிறது ஸபுர். முகப்பில் இருக்கும் சிறு பெண்ணின் மீது கூச்சலிடுவதால் போன விமானம் திரும்பாது. அதற்காக ஹக்கை விட்டுவிட வேண்டுமென்பதில்லை. பெட்டி வராவிடில் மண்டபத்தை விட்டு வெளியேறுமுன் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். சேதமானால் 7 நாளுக்குள்ளும், பிந்தி வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத வேண்டும் என்பது மலேசியாவும் இந்தியாவும் ஏற்றுள்ள 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் விதி. மலேசியாவில் விமானம் 2 மணி நேரம் பிந்தினால் உணவும், 5 மணி நேரமானால் இரவு தங்க நேரும்போது தங்குமிடமும் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. கேட்கும்போது, பெட்டியில் இல்லாத பொருளை இருந்ததாக எழுதாதீர்கள். அந்தப் பணம் ஹராம்.

அவசரத்தின் வேளையில் தொழுகையை மறக்கலாகாது. முஸாபிருக்கு நான்கு ரக்அத்து இரண்டாகக் குறைந்தது அல்லாஹ்வின் சலுகை. ஷாபிஈ மத்ஹபினர் ளுஹரை அஸருடனும், மஃரிபை இஷாவுடனும் சேர்த்துத் தொழலாம். ஹனபி மத்ஹபினர் அவ்வவ்வக்திலேயே கஸ்ராகத் தொழுவர். வரிசையில் பின்னால் நிற்பவருக்கு விமானம் நெருங்கிவிட்டதென்றால், நேரமுள்ளவர் வழிவிடுவதும் ஸதகாவே.

முடிவாக, மனம் நெகிழும் ஒன்றைச் சொல்கிறேன். ஊரில் தகப்பனார் மவுத் என்று நடுநிசியில் செய்தி வருகிறது. மகன் புக்கிட் ரோத்தானில் இருக்கிறார். முகம் பார்த்துவிட வேண்டுமென்ற துடிப்பில் கிடைத்த சீட்டை வாங்கி, முனையத்துக்கு முனையம் ஓடி, விமானமும் தவறி, அங்கே ஜனாஸாவையும் காக்க வைக்கிறார். அந்தத் துடிப்பை யார் குறை சொல்வது? ஆயினும் மையித்தை விரைவாக அடக்கம் செய்வதே மார்க்கம் காட்டும் வழி. ஊருக்குச் சொல்லி அடக்கம் செய்யச் சொல்லுங்கள். ஷாபிஈ மத்ஹபில் இங்கிருந்தே காயிப் ஜனாஸாத் தொழவும், பின்னர் போய்க் கப்ருக்கு முன் நின்று தொழவும் இடமுண்டு. எந்த மத்ஹபினரானாலும், பிள்ளையின் துஆவுக்கு இணைப்பு விமானம் வேண்டியதில்லை, அதற்குத் தாமதமுமில்லை. நிதானமாகப் போய், அழுகிற தாயின் பக்கத்தில் அமருங்கள். அவருக்கு வேண்டியது பத்திரமாக வந்து சேர்ந்த மகன்.

ஆகவே சகோதரர்களே! சீட்டு வாங்கும்போதே நேரத்தை அகலமாக வாங்குங்கள். பிறர் பொருளை நம் பொருளினும் பத்திரமாகக் காப்போம். அதற்குமேல் நடப்பதை அவனிடம் ஒப்படைப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் பிரயாணங்களை இலேசாக்குவாயாக! எங்களை நம்பியோரின் அமானத்துகளை உரியவரிடம் சேர்க்கும் பாக்கியம் அருள்வாயாக! எங்களைச் சுகத்துடன் எங்கள் குடும்பத்தாரிடம் சேர்ப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.