முப்பத்தோரு வருச ஊழியம்

என் பெரியப்பா செத்தபோது பெட்டிக்குள் அவர் நெஞ்சுமேல் ஒரு பொன்னாடையைப் போர்த்தி வைத்தார்கள். பங்கில் அவருக்குக் கொடுத்தது. முப்பத்தோரு வருசம் உபதேசியார் வேலை பார்த்ததற்கு அதுதான் மிச்சம் என்று என் அத்தை ஒப்பாரியிலேயே சொல்லிவிட்டாள். சாமியார் காதில் விழுந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு செபத்தைத் தொடர்ந்தார். நல்ல மனுசன்தான் அவர். அத்தை சொன்னது அவரைப் பற்றியும் அல்ல.

திருமழிசைக்கு மேற்கே இருக்கிற ஒரு சேரி எங்களுடையது. பங்கின் பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் அந்தப் பங்கின் குறை என்று மற்ற பங்குக்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். எங்களுடையது கிளைக் கிராமம், பங்குச்சாமி மாசத்துக்கு இரண்டு தரம் வருவார். மிச்ச நாளெல்லாம் கோயில் என்றால் பெரியப்பாதான். விடியக்காலை ஐந்து மணிக்கு மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது, பூசை இல்லாத ஞாயிற்றுக்கிழமை செபம் நடத்துவது, சாகக் கிடக்கிற குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது, சாவு விழுந்தால் பிணத்தைக் குளிப்பாட்டுவது, ஆள் கிடைக்காவிட்டால் மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டுவது. குடித்துவிட்டு அடிக்கிறவன் வீட்டுக்குப் போய் நிற்பது, போலீஸ் ஸ்டேசனுக்குத் துணைக்குப் போவது, ரேசன் கார்டுக்கு மனு எழுதுவது. இதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் உபதேசியாரின் கடமை என்று எழுதியிருக்காது. ஆனால் இதைச் செய்யாத உபதேசியாரை எங்க சனங்கள் உபதேசியார் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

1991-இல் அறுபது ரூபாயில் தொடங்கினார். கடைசியாக வாங்கினது மாசம் ஆயிரத்து ஐந்நூறு. கிட்னி கெட்டுப்போய்ப் படுத்தபோது பங்கில் அவருக்காக ஒரு பூசை வைத்தார்கள். சாமியார் வீட்டுக்கு வந்து தைலம் பூசினார். அன்பியத்து அம்மாக்கள் ஒன்பது நாள் செபமாலை சொன்னார்கள். வைத்தியம் எப்படி நடந்தது என்றால், சிட்கோ எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற அவர் மகளின் இ.எஸ்.ஐ. கார்டில் நடந்தது. கம்பெனியில் போல்ட்டு முடுக்குகிற பெண்ணுக்கும் அவளை நம்பியிருக்கிற அப்பனுக்கும் சட்டப்படி ஒரு கார்டு உண்டு. ஆண்டவருக்கு வேலை செய்தவருக்கு இல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: ‘அது வேலை இல்லை, ஊழியம்.’

இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலி இல்லாத கட்டாய வேலை. சர்க்காருக்கும் கோயிலுக்கும் தாழ்த்தப்பட்ட சாதிகள் சம்பளமில்லாமல் சுமை சுமந்தார்கள், ரோடு போட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரிகள் போராடி, கிறிஸ்தவர்களாகிவிட்டவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விடுவித்தார்கள். ஊழியத்திலிருந்து தப்பிக்க ஒரு வழி என்றும் சேர்த்துத்தான் எத்தனையோ சனம் வேதத்தில் சேர்ந்தது. இங்கே நம்ம பக்கத்தில் மட்டும் என்ன? ஊருக்குத் தமுக்கு அடிப்பது, செத்த மாடு தூக்குவது, எரிமேடு காப்பது, மடை திறப்பது எல்லாம் ஊழியம்தானே. கூலி கேட்டால் ‘உங்க அப்பன் பாட்டன் கேட்டானா?’ என்பார்கள். அந்தச் சொல் சேரியிலிருந்து வெளியே போய், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, கோயில் வாசல் வழியாகத் திரும்பி உள்ளே வந்திருக்கிறது.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் என் கட்டுரை சுலபமாக முடிந்துபோகும். சம்பளம் கொடு, இல்லாவிட்டால் சுரண்டல் என்று எழுதிவிட்டுப் போகலாம். பெரியப்பா அப்படி முடிக்க விடமாட்டார்.

ஒருமுறை, நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்த சமயம், இதே கோபத்தோடு அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் மெழுகுவர்த்தி அடியில் உறைந்திருந்த மெழுகைச் சுரண்டிக்கினு இருந்தார். சொன்னார்: ‘இன்னாடா பேசற நீ? காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நான் எவனுக்கோ கூலிதான். செங்கல் சூளையில கூலி, கழனியில கூலி. இது ஒண்ணுதான் நான் குடுக்கறது. இதுக்கும் ரேட்டு போட்டுட்டா என்கிட்ட குடுக்கறதுக்கு இன்னா கீது?’

இதற்கு அன்றைக்கு எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். எடுத்துக்கொள்ளப்பட்டே வாழ்ந்த மனுசனுக்கு, தானே மனசார ஒன்றைக் கொடுப்பது என்பது சாதாரணக் காரியம் இல்லை. தானம் கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்று ஊரில் கற்றுக் கொடுத்தார்கள். பெரியப்பா கோயிலில் நின்றபோது அவர் கை மேலே இருந்தது. அதை ‘ஏமாளித்தனம்’ என்று சொல்ல நான் யார்? நம் இயக்கக்காரர்கள் பலர் இங்கேதான் தவறு செய்கிறோம். சனங்களின் பக்தியைக் கண்டால் மூளை மழுங்கினது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆனால் ஒன்று கேட்கலாம். கொடுக்காமல் இருக்க அவரால் முடிந்திருக்குமா? ‘இந்த வாரம் என்னால முடியாது சாமி’ என்று சொல்லியிருக்க முடியுமா? பிள்ளை பள்ளிக்கூடச் சீட்டுக்கும், கோயில் நிலத்தில் போட்ட வீட்டுக்கும் அதே சாமியார் கையெழுத்துத்தான் வேண்டும் என்கிறபோது? மறுக்க முடிகிறவன் கொடுப்பது தானம். மறுக்க முடியாதவனிடமிருந்து வருவதற்கு என்ன பெயர் வைத்தாலும், வாங்குகிறவன் அதைத் தானம் என்று கணக்கில் எழுதக்கூடாது. கொடுக்கிறவன் வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டும். அவர் கணக்கு வேறு, கோயில் கணக்கு வேறு. அவர் தன் உழைப்பை அன்பு என்றார். பங்கு அதை மிச்சம் என்று எழுதிக்கொண்டது.

திருச்சபைச் சட்டத்துக்கே இது தெரியும். 1983-இல் வந்த சட்டத் தொகுப்பில் 231-ஆம் விதி, திருச்சபையின் தனிப்பட்ட பணிக்குத் தங்களைக் கொடுத்த பொதுநிலையினருக்குத் தங்களுக்கும் குடும்பத்துக்கும் போதுமான ஊதியம் பெற உரிமை உண்டு என்கிறது. சமூகப் பாதுகாப்பு, மருத்துவ உதவி எல்லாம் அதிலேயே சொல்லியிருக்கிறது. உரிமை என்ற வார்த்தையே இருக்கிறது, கருணை என்று இல்லை. அதே தொகுப்பின் 537-ஆம் விதிப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்கவேண்டும். எத்தனை பங்குகளின் நிதிக்குழுவில் சேரிக் கிளையிலிருந்து ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று படிக்கிறவர்கள் அவரவர் ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

இப்போது உபதேசியார் என்ற பெயரையும் மாற்றியாகிவிட்டது. ‘வேதியர்’ என்கிறார்கள். 2021 மே மாதம் போப் பிரான்சிஸ் அதை முறையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார், பெண்களுக்கும் உண்டு. வேதியர் என்றால் பழைய தமிழில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைக் கேட்டால் சிரிப்பு வரும். திருமழிசை ஆழ்வாரின் ஊர் இது. ரிஷிக்குப் பிறந்து தூற்றில் போடப்பட்ட பிள்ளையை எடுத்து வளர்த்தது பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளனும் பங்கயச்செல்வியும் என்று வைணவக் குருபரம்பரைக் கதையே சொல்கிறது. அந்த ஆழ்வார் பெரும்புலியூர் போனபோது, சாதியில் தாழ்ந்தவன் வருகிறான் என்று வேதம் ஓதினவர்கள் ஓதலை நிறுத்திக்கொண்டார்கள். மறுபடி தொடங்கப் போனால் விட்ட இடம் மறந்துபோச்சு. அவர் ஒரு கறுப்பு நெல்லை எடுத்து நகத்தால் கீறிக் காட்டி அந்த இடத்தை நினைவுபடுத்தினாராம். விரட்டப்பட்டவன்தான் விட்ட இடத்தை எடுத்துக் கொடுத்தான்.

நம்ம கோயிலில் யாரும் ஓதலை நிறுத்துவதில்லை. அங்கே நிற்பது தேர். சில ஊரில் சப்பரம் சேரித் தெரு முனையில் நின்று திரும்பிவிடும். வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகக் கட்டின கோயிலின் குறுக்குச் சுவரை 1910-இல் எடுத்தபோது மேல்சாதிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. 1990-இலேயே தமிழக ஆயர் பேரவை பத்து அம்சத் திட்டம் போட்டது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று கொள்கை அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது பாவசங்கீர்த்தனத்தில் முதல் பாதி. அபராதம் செய்வது மறு பாதி.

பாவசங்கீர்த்தனம் என்றதும் முக்கியமான ஒன்று. ஆன்மீக உதவி என்று பேசுகிறோமே, ஓர் உபதேசியார் தன் மனசை யாரிடம் இறக்கி வைப்பார்? பங்குச்சாமியிடம். அவர்தான் இவருக்குச் சம்பளம் கொடுக்கிறவர், வேலையை விட்டு நிறுத்தவும் முடிகிறவர். ‘சாமி, உங்கமேல எனக்குக் கோபம், உங்களை மனசுக்குள்ள திட்டினேன்’ என்று எந்தக் கோயில் ஆள் போய் முழங்காலில் நின்று சொல்வான்? பெரியப்பா வருசத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்குப் போவார். வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசிக் காலத்தில் சொன்னார்: ‘அங்க எவனுக்கும் என்னைத் தெரியாதுடா.’

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிக்கலும் சட்டத்துக்குத் தெரியும். குருமடத்து அதிபர் தன்னோடு தங்கிப் படிக்கிற மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது, மாணவனே தானாக விரும்பிக் கேட்டால் தவிர என்று 985-ஆம் விதி சொல்கிறது. அதற்கென்று தனியாக ஓர் ஆன்ம குரு இருப்பார். பூந்தமல்லியில், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, இருதய ஆண்டவர் குருமடம் இருக்கிறது. எந்தக் குருமடத்திலும் இதே சட்டம்தான். தண்டிக்கிற கையும் மன்னிக்கிற கையும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று குருமாணவனுக்குப் பொருந்துகிற நியாயம், குருமடத்துச் சுவருக்கு வெளியே உபதேசியாருக்கு ஏன் பொருந்தவில்லை? பக்கத்துப் பங்கிலிருந்து மாசம் ஒருமுறை வேறொரு சாமியார் வந்து கோயில் வேலைக்காரர்களோடு உட்கார்ந்தால் போதும். துட்டு செலவில்லாத உதவி இது. அதுவும் நடப்பதில்லை என்றால் சிக்கல் துட்டு இல்லை.

பங்குச்சாமிக்கும் இது பொருந்தும். மேல்சாதிப் பங்குக்கு அனுப்பப்பட்ட ஒரு தலித் சாமியார் என்னிடம் சொன்னது: ‘என் கையால நன்மை வாங்குவாங்க, என்கூட உட்கார்ந்து சாப்பிடமாட்டாங்க.’ அவருக்குத் தங்க வீடு இருக்கிறது, பேச ஆள் இல்லை. 2022-இல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். சந்தோசம். அந்தச் சிவப்புத் தொப்பி இந்தச் சாமியாரின் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர இன்னும் எத்தனை தூரமோ.

சர்க்கார் செய்கிற அநியாயம் இதற்கு மேல். 1950-இன் ஜனாதிபதி ஆணையால் கிறிஸ்தவனான தலித் பட்டியல் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது. நமக்குத் தமிழ்நாட்டில் பி.சி. சர்டிபிகேட். இதனால் வீட்டில் ஒரு பேர், கவர்மென்ட்டில் ஒரு பேர் என்று பல பேர் வாழ்கிறார்கள். நான் குற்றம் சொல்லமாட்டேன், பசிக்கு இரண்டு பேர் இருந்தால் என்ன. ஆனால் உபதேசியாரால் அது முடியாது. கோயில் கல்வெட்டில் அவர் பேர் இருக்கிறது. விசுவாசத்துக்கு அதிக விலை கொடுக்கிறவன் அதைச் சொல்லிக்கொடுக்கிறவன்தான்.

2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டைத் திருமழிசைக்குக் கொண்டுவந்தார்கள். எங்க சனங்களில் பலர் மூட்டை தூக்கப் போனார்கள், சிலர் காய்ச்சலோடு திரும்பினார்கள். பூசை போனில் வந்தது. பெரியப்பா அரிசிப் பையை எடுத்துக்கினு வீடு வீடாகப் போனார். அந்த வருசம் அவர் நடத்திய அடக்கங்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பேர், தேதி, யார் யார் தூக்கினார்கள். சில பக்கத்தில் தூக்கினவர் பேர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அவருடையது.

இப்போது அவர் இடத்தில் என் தங்கச்சி முறையான ஒரு பெண் இருக்கிறாள். பி.ஏ. படித்தவள். முதல் மாசமே பங்குப் பேரவையில் எழுந்து, ‘எனக்கு அப்பாயின்மென்ட் லெட்டர் வேணும் சாமி’ என்று கேட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். மனு எழுதித் தரச்சொல்லி என்னிடம் வந்தாள். 231-ஆம் விதியை நம்பர் போட்டு எழுதினோம். எழுதி முடித்ததும், ‘மாமாவோட முப்பத்தோரு வருசத்தையும் இதுல சேக்கலாமாண்ணே?’ என்றாள்.

சேர்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெழுகு சுரண்டிக்கினு அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. அத்தையைக் கேட்டால் சேர்த்திருக்கச் சொல்லியிருப்பாள்.